மீட்டரில் கூடிய இரண்டு மணி நேரம்

"பள்ளிக்கூடந்தான் போறதில்லையே, அப்புறம் எதுக்கும்மா உனக்கு மாசம் ஒரு நோட்டு?"

நோட்டுக் கடைக்காரர் ஒருமுறை கேட்டார். வம்புக்குக் கேட்கவில்லை, கை வேலையாக இருக்கும்போது வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிதர். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். காது மடல் சுட்டது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டைக்குள் ஒரு தாழ்ப்பாள் விழும். அந்தத் தாழ்ப்பாளுக்குப் பயந்துதான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். அன்றைக்கும் அது விழுந்தது. நோட்டை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, முதல் பக்கத்தில் அவருக்குப் பதில் எழுதினேன்.

"மணி 61.0. ஏர் ஃபில்டர் கழுவியது. செயின் தொய்வு மூன்று விரல். பின் பிரேக் கட்டை பாதிதான் மிச்சம்."

அது என் அண்ணனுடைய மோட்டோகிராஸ் பைக். நானூற்றைம்பது சிசி, நாலு ஸ்ட்ரோக். யாரோ ஓட்டி அலுத்துப்போனதை வாங்கி வந்தான். அதற்கு விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது, நிறுத்திவைக்க ஸ்டாண்டுகூடக் கிடையாது. ஒரு மரப்பெட்டிமேல் தூக்கி வைத்தால்தான் நிற்கும். மண்ணில் ஓடவும் மேட்டில் தாவவும் மட்டுமே பிறந்த வண்டி. எத்தனை கிலோமீட்டர் போனது என்றும் அது காட்டாது. டேங்க் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர் ஒட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் போய் ஸ்பார்க் பிளக் ஒயரை ஐந்து சுற்று சுற்றியிருக்கும். எஞ்சின் ஓடும் நேரத்தை மட்டும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். இத்தனை மணிக்கு ஆயில், இத்தனை மணிக்கு ஃபில்டர் என்று அந்த வண்டியின் ஆயுளே மணிக்கணக்கில்தான்.

அண்ணன் டயர் கடையில் வேலை பார்த்தான். மாலையில் வந்து கொட்டகையில் வண்டியோடு உட்காருவான். "ஏய் பூனை, பத்தாம் நம்பர் எடு" என்பான். சத்தமே வராமல் நடப்பதால் எனக்குப் பூனை என்று பேர். ஸ்பேனரை நீட்டுவேன். கழுவுகிற வேலை, துடைக்கிற வேலை, பிசுபிசுவென்று ஒட்டும் எண்ணெயில் ஃபில்டர் பஞ்சைப் பிழிகிற வேலை எல்லாம் என் தலையில். அவன் ஒன்றையும் எழுதிவைக்க மாட்டான். "எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவான். இரவுச் சாப்பாட்டுக்குள் பாதி மறந்திருக்கும். மறப்பதையெல்லாம் நான் எழுதினேன். அவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

முதல்முறை ஓட்டியதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கழுவிய வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டுக் காயவைக்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அம்மா தையல் ஃபேக்டரிக்குப் போயிருந்தாள். கிக்கரை மெதுவாக மிதித்தால் ஓரிடத்தில் கால் இறுகி நிற்கும். அதைத் தாண்டி ஒரு நூல் அளவு இறக்கி, மறுபடி மேலே கொண்டுவந்து, முழங்கால் நீட்டி ஒரே மிதி. ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது; தொட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். மூன்றாவது மிதியில் கிளம்பியது. அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. தடதடவென்று தகரக் கூரை அதிர்ந்தது. என் தொண்டையில் இத்தனை வருஷமாக வராத சத்தம் முழுவதும் அந்தக் குழாய் வழியாக வருவது போலிருந்தது. அப்புறம் எப்படி இறங்குவது?

வீட்டுக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி. அண்ணனும் அவன் சிநேகிதன் சோடாவும் அங்கே ஒரு வட்டப் பாதை வெட்டியிருந்தார்கள். தடித்த கண்ணாடி போட்டதால் அவன் சோடா. நான் அண்ணனுடைய பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறை திணித்துக்கொண்டு போனேன். நாற்பத்தாறு கிலோ நான். வண்டி நூற்றுப் பத்து. முதல் நாள் நாலு தடவை விழுந்தேன். மூன்றாம் நாள் உட்காரக் கூடாது என்று புரிந்தது. நிற்க வேண்டும், முட்டியால் டேங்கைக் கவ்வ வேண்டும், கையைத் தளரவிட வேண்டும். கையை இறுக்கினால் வண்டி முரண்டு பிடிக்கும். விட்டுக்கொடுத்தால் தானே பாதையைத் தேடிக்கொள்ளும். ஆறாம் நாள் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகினேன். பின்சக்கரம் மண்ணை வாரி வானத்துக்கு இறைத்தது. என் இரண்டு கைகளையும் யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடுவதுபோல் வண்டி முன்னே பாய்ந்தது. ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல் கத்தியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என் குரல் என்று தெரிந்தது.

சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கிடைத்த காசையெல்லாம் பெட்ரோலாக ஊற்றினேன். இரண்டு வாரத்தில் எட்டு நாள். ஒரு நாளுக்குக் கால் மணி நேரம்.

மீட்டரை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். சுற்றியிருக்கும் ஒயரை ஐந்து சுற்றுப் பிரித்துவிட்டால் அது எண்ணாது. ஒவ்வொரு நாளும் ஒயரில் கை வைப்பேன், பிரிக்க முடியாது. நான் ஓட்டிய நேரத்தை மறைத்தால் ஆயில் மாற்றும் கணக்கு தப்பும், ஃபில்டர் கணக்கு தப்பும். அண்ணனிடம் மறைக்கலாம், அம்மாவிடம் மறைக்கலாம். அந்த எஞ்சினிடம் மறைக்க என்னால் ஆகவில்லை. என் நோட்டிலும் மறைக்கவில்லை. "மணி 76.4. இன்று இரட்டை மேட்டை ஒரே தாவலில் கடந்தேன். இறங்கும்போது சத்தமே இல்லை."

அதில்தான் மாட்டிக்கொண்டேன். சொல்லப்போனால் சோடா மாட்டிக்கொண்டான்.

டயர் கடையில் கூடுதல் வேலை என்று இரண்டு வாரமாக அண்ணன் வண்டியைத் தொடவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்து மீட்டரைப் பார்த்தான். கடைசியாக ஆயில் மாற்றியபோது டேங்கில் அவன் ஒட்டிய டேப்பில் "ஆயில் 75.0" என்று இருந்தது. மீட்டரில் 77.1.

"நான் ஏறி உக்காரவே இல்லையேடா. ரெண்டு மணி நேரம் எப்படிக் கூடுச்சு?"

கொட்டகைச் சாவி ஒன்று வீட்டு ஆணியில் தொங்கும், இன்னொன்று சோடாவிடம் இருந்தது.

"சத்தியமா நான் இல்லடா" என்றான் சோடா. "என் உயரத்துக்கு நான் எங்கடா தனியா ஏறுறது? நீ பிடிச்சாத்தானே ஏறுவேன்!"

"சிரிக்காத. சாவியக் குடுத்துட்டுப் போ."

சோடா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். சாவியைப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனான். நான் மூலையில் ஃபில்டர் பிழிந்துகொண்டிருந்தேன். தாழ்ப்பாள் இறுக்கமாக விழுந்திருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் குவாரி போய்விடும், அந்தக் கால் மணி நேரம் போய்விடும் என்ற பயம்தான் வாயை அடைத்தது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நோட்டில் ஏற்கெனவே இருந்தது.

அன்று காலையில் வண்டி கிளம்பப் பதினோரு மிதி கேட்டிருந்தது. முட்டி விட்டுப்போயிற்று. வழக்கமாக மூன்று. குளிர்ந்த பிறகு சீட்டையும் டேங்கையும் கழற்றி எஞ்சின் மூடியைத் திறந்தேன். எஞ்சினின் உச்சியில் நாலு வால்வு. ஒவ்வொரு வால்வுக்கும் அதை அமுக்கும் கேமுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். மெல்லிய இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகித்தான் அளப்பது. வால்வின் அடிவிளிம்பு தேய்ந்தால் வால்வு மேலே ஏறும்; இடைவெளி சுருங்கும். அப்போது சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும் ஷிம் என்ற சின்ன வட்டை எடுத்துவிட்டு அதைவிட மெல்லியதைப் போட்டால் இடைவெளி பழையபடி ஆகிவிடும். அண்ணன் இரண்டு தடவை அப்படித்தான் போட்டான். "கொறஞ்சிருக்கு, மாத்தியாச்சு, முடிஞ்சுது" என்று கையைத் துடைத்துக்கொண்டான். முன்னால் எவ்வளவு குறைந்தது என்பது அவனுக்கு நினைவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அவனுக்கு அது புதுக் குறை, ஒவ்வொரு முறையும் தீர்ந்துபோன குறை.

என் நோட்டில் அது ஒரே குறை. இடதுபக்க வால்வு, ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் எப்போதும் பன்னிரண்டு பங்கு இடைவெளி வைத்துத் தொடங்குவது. முதல் ஏழு மணி நேரத்தில் நாலு சுருங்கியது. அடுத்த ஏழு மணி நேரத்தில் ஆறு. இப்போது இரண்டே மணி நேரத்தில் ஏழு. தேய்வது ஓட்டமெடுத்துவிட்டது. இனிமேல் எந்த ஷிம்மும் காப்பாற்றாது. வால்வு உடைந்து உள்ளே விழப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போட்டி. அந்த மைதானத்தில் ஒரு மேடு உண்டு. இருபது மீட்டர் காற்றில் போக வேண்டும். மேட்டில் ஏறும் நொடியில் எஞ்சின் இறுகி நின்றால் முன்சக்கரம் தலைகுப்புறப் போகும். அண்ணன் அதற்குக் கீழே இருப்பான்.

வால்வை மட்டும் சொல்லி மற்றதை மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஓடாத வண்டியில் இடைவெளி எப்படிச் சுருங்கும்? அவன் கேட்பான். எண்களைக் கொடுத்தால் என்னையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் வாடகை வண்டி வாசலில் நின்றது. பலகை சாய்த்துப் பைக்கை ஏற்றப்போனான்.

"ண்ணா, ஏத்தாத."

"என்ன பூனை, பேச்செல்லாம் வருது?"

நோட்டை நீட்டினேன். நின்றபடியே புரட்டினான். ஒரு பக்கத்தில் அவன் கண் நின்றது.

"இரட்டை மேட்டைத் தாண்டினியா? யாரு, நீயா?"

"ம்."

"ஒரே தாவல்ல?"

"ம்."

"நானே போன மாசந்தான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். அடுத்த பக்கம் புரட்டினான். எண்கள். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தான். மறுபடி மேலே போனான். வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். "நீங்க போங்கண்ணே" என்று கத்தினான். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "டேங்கைக் கழட்டு" என்றான்.

திங்கட்கிழமை லேத் பட்டறையில் அந்த வால்வை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார் பட்டறைக்காரர். "விளிம்பு பிளேடு மாதிரி ஆயிடுச்சு தம்பி. இதோட போயிருந்தா நீ ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், பொறுக்கத்தான் ஆள் வேணும். யாரு பார்த்தது?"

அண்ணன் திரும்பாமல் கட்டைவிரலால் பின்னால் நின்ற என்னைக் காட்டினான். அவர் எட்டிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். காது சுட்டது, ஆனால் இந்தத் தடவை அது நன்றாக இருந்தது.

அவனே போய்ச் சோடாவை அழைத்து வந்தான். சோடா என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பூனைன்னு சரியாத்தான் பேரு வெச்சிருக்கோம். பாலைக் குடிச்சது நீ, அடி விழுந்தது என் முதுகுலயா?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மன்னிச்சிருண்ணா" என்றேன். "போ போ, எனக்கும் ஏறக் கத்துக்குடு, சரியாப் போயிடும்" என்றான்.

அண்ணன் மட்டும் பேசவில்லை. புது வால்வு வந்து, எஞ்சின் கூடி, பதமாக ஓட்டிப் பழக்கிய அந்தப் பத்து நாளும் ஸ்பேனர் நம்பரைத் தவிர வேறு பேச்சில்லை. நோட்டும் அவனிடமே இருந்தது. போட்டி போன கோபமா, ஓட்டிய கோபமா? கொட்டகைப் பூட்டின் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தான். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

நேற்று அவனுக்கு விடுமுறை. காலையில் வந்து "வா" என்றான். குவாரிக்குப் போனோம். என் கழுத்தில் ஸ்டாப்வாட்சை மாட்டிவிட்டு மூன்று சுற்று ஓட்டினான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். நல்ல ஓட்டம்; அவனுக்கு அந்தப் பாதையில் ஒவ்வொரு கல்லும் தெரியும். கடைசிச் சுற்று ஒரு நிமிஷம் ஒன்பது நொடி. அவனுடைய கணக்கிலேயே அதுதான் குறைந்தது. இறங்கினான், தரையில் உட்கார்ந்தான், பூட்ஸைக் கழற்றினான். ஸ்டாப்வாட்சைத் தன் கழுத்துக்கு மாற்றிக்கொண்டு, பையிலிருந்து இரண்டு ஜோடி காலுறையை எடுத்து என் மேல் எறிந்தான். அதுவும் நோட்டில் படித்தது.

"ஓட்டு. மெதுவா ஓட்டி என்னை ஏமாத்தாத."

இரண்டாவது மிதியில் கிளம்பியது. புது வால்வில் சத்தம் பளிச்சென்று இருந்தது, கோத்த மணி போல ஒவ்வொரு வெடியும் தனித்தனியாக. முதல் திருப்பத்தில் காலை நீட்டி, முன்னால் நகர்ந்து, ஒற்றை விரலில் கிளட்சைத் தொட்டுவிட்டேன். பாதை தானாகக் கைக்கு வந்தது. பள்ளங்களின் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு பறந்தேன். இரட்டை மேட்டில் பிடியை மாற்றாமல் ஏறினேன். மண் போய்விட்டது, சத்தம் போய்விட்டது, கீழே குவாரித் தண்ணீர் ஒரு பச்சைத் துண்டாக ஒரு நொடி நின்றது. நான் இன்னும் மேலேயே இருந்தேன், இன்னும், இன்னும். பின்சக்கரம் சரிவை மெதுவாக முத்தமிட்டபோது ஆக்ஸிலேட்டர் ஏற்கெனவே திறந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள் அந்தக் குரல் கத்திக்கொண்டே இருந்தது. நான் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்று சுற்று. அவன் முன்னால் வந்து எஞ்சினை அணைத்தேன். காது ரீங்கரித்தது. சூடான குழாய் டிக் டிக்கென்று ஆறியது.

அண்ணன் ஸ்டாப்வாட்சைப் பார்த்தான். மணலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். பிறகு அதைக் கழற்றி, முகப்பு என் பக்கம் திரும்பியிருக்கும்படி ஹேண்டில்பாரில் மாட்டினான்: ஒரு நிமிஷம் ஏழு நொடி. சட்டைக்குள்ளிருந்து என் நோட்டை எடுத்துச் சீட்டின்மேல் வைத்தான். அதன் பக்கங்களுக்கு நடுவே கொட்டகைச் சாவி துருத்திக்கொண்டிருந்தது. என் காலில் இருந்த பூட்ஸைக் கேட்கவில்லை. கூரிய ஜல்லிமேல் வெறுங்காலோடு, நான் இழுத்த சக்கரத் தடத்துக்குள்ளேயே அடிவைத்து அடிவைத்து, வீட்டைப் பார்த்து நடந்து போனான்.