எந்த அக்கா

முப்பத்தொன்றாம் புள்ளி திரையின் மூலையில் தனியாகக் கிடந்தது. எதிர் மூலையில் ஐம்பத்திரண்டாம் புள்ளி. நடுவே மீதி ஐம்பதும் சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"இந்த ரெண்டு பேர்கிட்டயும் யாரும் எதையும் கேட்டுப் போகல," என்றார் புள்ளி மேடம்.

அது புதன்கிழமை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர் அவர். எங்கள் பயிற்சி நிலையத்தில் யார் யாரிடம் வேலை கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் படமாகப் போடுவது அவர் வேலை. ஆளுக்கு ஒரு புள்ளி. நான் உங்களிடம் சந்தேகம் கேட்டால் என் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளிக்கு ஒரு கோடு. கோடு அதிகம் வந்தால் புள்ளி பெரிதாகும். இதற்கு நீளமான பெயர் ஒன்று சொன்னார். எங்களுக்கு வாயில் நுழைந்தது புள்ளி மேடம்தான்.

மூடிப்போன ஆலைகளின் ஆட்களுக்கு லேத்தும் வெல்டிங்கும் கற்றுத்தரும் இடம் இது. பயிற்சிக்கு வருபவர்கள் நாற்பத்து மூன்று பேர், ஊழியர்கள் ஒன்பது பேர். எல்லாரிடமும் ஒரே கேள்வி: கடந்த ஒரு மாதத்தில் வேலையில் சந்தேகம் வந்தபோது யாரிடம் போனீர்கள்? ஐந்து பெயர் வரை எழுதலாம். படிவத்தின் பின்பக்கம் எல்லார் பெயரும் எண்ணோடு இருந்தது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

எழுதிய பெயர்களை எண்ணாக்கிக் கணினியில் ஏற்றியது நான். என் எண் ஐம்பத்திரண்டு. பிளாஸ்டிக் ஆலை ஒன்றில் நைட் ஷிஃப்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஐந்து மாதம் வீட்டில் கிடந்தவன். என் அக்காவின் வீட்டுக்காரர் இங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். அவர் சொல்லித்தான் மூன்று மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. என் படிவத்தை வெறுமையாகத்தான் கொடுத்தேன்.

முப்பத்தொன்று, டூல் ரூம்காரம்மா.

"டூல் குடுக்கறதுக்கு மெஷின் வந்தாச்சு. கார்டைத் தேய்ச்சா கதவு திறக்கும். ஆள் எதுக்கு?" என்றார் இயக்குநர்.

"சார், இந்தப் படத்தை வெச்சு யாரையும் வேலையைவிட்டு எடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு," என்றார் மேடம்.

"நான் எங்கே எடுக்கறேன்ம்மா? பன்னிரண்டாம் தேதி அந்தம்மா ஒப்பந்தம் தானா முடியுது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கமிட்டி. முடிவு பண்ணிடலாம்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு என் பென்சில் முறிந்தது. அலுவலகத்தில் யாரிடமும் பென்சில் இல்லை. டூல் ரூமுக்குப் போனேன். அதற்கு முன் நான் அந்தப் பக்கமே போனதில்லை.

டூல் ரூம் என்பது ஒரு ஜன்னல். உள்ளே சுவர் முழுக்க ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கருவி. கருவி வாங்குபவர் தன் பித்தளை டோக்கனைக் கொடுப்பார். அது அந்த ஆணியில் தொங்கும். ஜன்னலுக்கு மேல் இயக்குநர் கையெழுத்தோடு ஒரு தாள்: 'இங்கே கூட்டம் கூடாது. சந்தேகங்களைப் பயிற்சியாளரிடம் மட்டும் கேட்கவும்.' கீழே நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

முதலில் நின்றவர் சோடாபுட்டி. தடித்த கண்ணாடி, ஐம்பதை நெருங்கும் வயது, நூற்பாலையில் இருபது வருடம் ஓட்டியவர். உடைந்த டேப் ஒன்றை உள்ளங்கையில் வைத்திருந்தார். துளைக்குள் மரை வெட்டும் கருவி அது.

"அக்கா, மறுபடியும் போயிருச்சு."

டூல் ரூம்காரம்மா அவரைவிட எட்டு வயதாவது இளையவர். தலை நிமிராமல் கேட்டார். "எப்படித் திருகினே?"

"நேராத்தாங்க்கா. ஒரே சீரா."

"ஒரே சீரா திருகறதுக்கு அது என்ன தண்ணிக் குழாயா? அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. வெட்டுன பிசிறு வெளிய வர வேணாமா? எண்ணெய் விட்டியா?"

"விட்டேன்."

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது விடலன்னு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சோடாபுட்டியும் சிரித்தார். எனக்குப் படிவங்கள் ஞாபகம் வந்தன. அக்கா. அக்கா. அக்கா.

பென்சில் வாங்காமலே ஓடி வந்து அலமாரியைத் திறந்தேன்.

படிவங்களில் 'அண்ணன்' என்று எழுதியிருந்தவர்களை அப்போதே தேடிப்போய் எந்த அண்ணன் என்று கேட்டிருந்தேன். அண்ணன்கள் ஆறு பேர் உண்டு என்பது எனக்குத் தெரியும். அக்கா விஷயத்தில் கேட்கவில்லை. நாங்கள் அலுவலகத்தில் அக்கா என்று கூப்பிடுவது ஒருவரைத்தான், என் அடுத்த மேசையில் இருக்கும் கணினி வகுப்பு ஆசிரியை. எண் ஏழு. 'அக்கா' என்று கண்ட இடமெல்லாம் ஏழு என்று தட்டிவிட்டேன்.

இப்போது எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது படிவங்கள். லேத்காரனும் வெல்டிங்காரனும் கணினி ஆசிரியையிடம் எதற்குப் போய் நிற்கப்போகிறான்? ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை.

மணி ஒன்பது நாற்பது.

மாமாவிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். பேனாவை மூடிவைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மாமா."

"அப்படியே இருக்கட்டும். வாயை மூடிக்கிட்டு உக்காரு."

"அந்தம்மாவுக்கு வேலை போயிரும்."

"நீ சொன்னா உனக்குப் போகும். உன்னைக் கொண்டாந்து விட்ட நான் எந்த மூஞ்சியோட இங்க உக்காருவேன்? உங்கக்கா தினம் காலையில சாமிகிட்ட கேக்கறா, இவன் இதையாவது ஒழுங்கா பிடிச்சுக்கணும்னு. உனக்கே தெரியுமில்ல?"

தெரியும். தினமும் எட்டரைக்கு அக்கா போன் செய்வாள். 'கிளம்பிட்டியா?' என்ற ஒரு வார்த்தைதான்.

வெளியே வந்தேன். கால்கள் என் மேசைப் பக்கம்தான் போயின. அங்கே எண் ஏழு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை படத்தில் அவருடையதுதான் ஆகப் பெரிய புள்ளி. அன்றிலிருந்து முகம் மலர்ந்தே இருந்தார். "தம்பி, இந்தா பிஸ்கட்," என்றார். கை நீளவில்லை. திரும்பிப் பட்டறைக்கு நடந்தேன்.

லேத் பக்கத்தில் சோடாபுட்டியைப் பிடித்தேன். "படிவத்துல அக்கான்னு எழுதினீங்களே, யாரை?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுக்குக் கேக்கறே?"

"டூல் ரூம் அக்காவா?"

"மெதுவாப் பேசு. அந்த ஜன்னல்ல நிக்கக் கூடாதுன்னு தாள் ஒட்டியிருக்கில்ல? பேரைப் போட்டா அந்தம்மாவை மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும். அதான் எல்லாரும் பேசி வெச்சு அக்கான்னு போட்டோம்."

"பேசி வெச்சா?"

"பின்னே? காப்பாத்தணுமில்ல."

காப்பாற்றிய லட்சணம் அது. அவர்கள் பெயரை மறைத்தார்கள், நான் அதைக் கொண்டுபோய் இன்னொருத்தர் தலையில் கட்டினேன். இப்போது எடுத்துச் சொன்னால் விதியை மீறியவர், சொல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாதவர். எந்தப் பக்கம் திருப்பினாலும் அடி அந்தம்மாவுக்குத்தான். அவரைக் கேட்காமல் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மணி பத்து இருபது. அவர் ஒரு டிரில் பிட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"பன்னிரண்டாம் தேதிக்கு மேல நான் இல்லையா?"

அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. அதுவும் என் வாயிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

"இன்னைக்குக் கமிட்டிக்கா. பதினோரு மணிக்கு."

"எத்தனை பேர் அக்கான்னு எழுதியிருக்கான்?"

"பத்தொன்பது."

"பத்தொன்பதும் நானா?"

"தெரியலக்கா. அதைத்தான் கேக்கணும்."

பிட்டை ஆணியில் மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். "அக்கான்னு எழுதின அத்தனை பேரும் இங்க வாங்க! டோக்கன் வேணாம், சும்மா வாங்க!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கூட்டம் கூடக் கூடாது என்ற தாளுக்கு நேர் கீழே கூட்டம் கூடியது. நான் படிவங்களைப் புரட்ட, ஒவ்வொருவராகச் சொன்னார்கள். டூல் ரூம் அக்கா. டூல் ரூம் அக்கா. கணினி அக்கா. ஒருவர் நெளிந்துகொண்டு, "இப்ப சொன்னா ஒண்ணும் ஆகாதே?" என்றார்.

"ஆகறது எனக்குத்தான்டா. நீ சொல்லு," என்றார் அவர்.

கடைசியில் அவருக்குப் பதினான்கு, எண் ஏழுக்கு மூன்று. இருவர் அன்று வரவில்லை. குறித்துக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. அவர்தான் காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார்.

பத்து ஐம்பதுக்குப் புள்ளி மேடத்திடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உக்காந்து திருத்துங்க. வராத ரெண்டு பேரை விட்டுடுங்க," என்றார்.

தட்டினேன். விரல் வழுக்கியது. ஒரு தடவை நூற்று முப்பத்தொன்று என்று விழுந்தது. நடுவில் ஒரு எண்ணமும் வந்தது. இவ்வளவு மாற்றுகிறேன், ஐம்பத்திரண்டுக்கும் ஒரு கோடு இழுத்தால் யாருக்குத் தெரியும்? மாமாவிடமிருந்து ஒன்று போதும். நான் இழுக்கவில்லை. யோக்கியன் என்பதால் இல்லை. மேடம் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

கமிட்டியில் ஐந்து பேர். மாமா இருந்தார், எண் ஏழும் இருந்தார். மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். "புதன்கிழமை காட்டின படம் தப்பு. இது திருத்தினது."

முப்பத்தொன்று மூலையை விட்டு நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தது. ஏழு சுருங்கியது. எண் ஏழு திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை பேரும் வகுப்பை விட்டுட்டு ஜன்னல்லதான் நிக்கறானா?" என்றார் இயக்குநர். நான் பயந்த கேள்வி அதுதான்.

"ஆமா சார். அதோட, லேத்காரங்களும் வெல்டிங்காரங்களும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் எதுவும் கேக்கறதில்ல. ரெண்டு பக்கமும் வந்து கேக்கற ஒரே ஆள் இவங்கதான்." மேடம் ஒரு பொத்தானை அழுத்தினார். முப்பத்தொன்று மறைந்தது. நூல்கண்டு இரண்டாகப் பிய்ந்து, லேத் ஒரு பக்கமும் வெல்டிங் ஒரு பக்கமுமாகப் போனது. "இதான் பன்னிரண்டாம் தேதிக்கு அப்புறம்."

இயக்குநர் மேசையில் விரலால் தட்டினார்.

"மெஷினை ஆறு மாசம் தள்ளி வைங்க. அந்தம்மாவுக்கும் ஆறு மாசம் போடுங்க. அந்தத் தாளைக் கிழிக்க வேணாம், இருக்கட்டும்." எழுந்தவர் மறுபடி திரையைப் பார்த்தார். "மூலையில இன்னும் ஒண்ணு கிடக்கே. அது யாரு?"

மாமா விட்டத்தைப் பார்த்தார்.

"நான்தான் சார். டைப் பண்றவன்."

"தப்பா டைப் பண்ணினதும் நீதானா?"

"ஆமா சார்."

"மாசக் கடைசியில பாக்கலாம்," என்றார். என்ன பார்ப்பார் என்று சொல்லவில்லை. தெரிந்துகொள்ள இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாளைக்கு எட்டரைக்கு அக்கா போன் செய்வாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜன்னலுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஆறு மாதம் என்றதும் அவர் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான்.

"உனக்கு?"

"மாசக் கடைசியில தெரியும்."

"உன் மாமன்?"

"பேசல."

பென்சிலை நீட்டினேன். வாங்கவில்லை. "வெச்சுக்கோ. உனக்கு எழுதற வேலை இருக்குமில்ல. டோக்கன் இருக்கா?"

"எனக்கு டோக்கன் குடுக்கல."

பதிவேட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். நான் தலைகீழாகப் படித்தேன். பென்சில், ஒன்று. வாங்கியவர்: தம்பி.

"எந்தத் தம்பின்னு எழுதுங்கக்கா," என்றேன்.

"பென்சில் திரும்பி வரட்டும், பாக்கலாம்," என்று பதிவேட்டை மூடினார்.