எதிர்வீட்டு மாப்பிள்ளை

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் காலையில் தெரு ஒரு முழம் அகலமாகியிருந்தது. முதலில் கவனித்தது தண்ணீர் வண்டிக்காரர். அந்தச் சந்துக்குள் தள்ளுவண்டியை நுழைக்கும்போது அவருடைய முழங்கை சுவரில் உரசாத நாள் கிடையாது. அன்றைக்கு உரசவில்லை. தான் இளைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் சந்தோஷமாகப் போய்விட்டார்.

அதுவரை அது தெரு என்று சொல்வதற்கே லாயக்கில்லாத சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு மற்றவருக்கு வழிவிட வேண்டும். மழை பெய்தால் குடையை விரிக்க முடியாது. ஒரு பக்கத்து மாடியில் லிஃப்ட்காரரும் அவருடைய மகளும் இருந்தார்கள். லிஃப்ட்காரர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் தலை நரைக்கும்வரை லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு யாராவது வந்தால் இன்னமும் "எந்த மாடி?" என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வார். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சந்துக்குள் கார் நுழையாது என்பதால் முனையில் நிறுத்திவிட்டு நடந்து வருவாள். எல்லோருக்கும் அவள் டிரைவிங் டீச்சர். எதிர்ப்பக்கத்து மாடியில் பல்செட் கட்டுகிறவன் ஒருவன் தன் அக்காவோடு குடியிருந்தான். வெளிச்சத்துக்காக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லை அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பான். நிமிர்ந்தால் அவள் தெரிவாள். ஒருநாள் இரவல் வாங்கிய சர்க்கரை டப்பாவை ஜன்னல் வழியாகவே திருப்பிக் கொடுத்தபோது, டப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுல பேசலாமா?" என்று கேட்டான். அவள் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, "அப்பா உள்ளதான் இருக்காரு, கேட்டுட்டுத்தான் இருப்பாரு" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

லிஃப்ட்காரருக்கு இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் இருக்க முடியாது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் அங்கே அடுப்பை மூட்டினால் இங்கே வாசனை வரும். இவர் இங்கே இருமினால் அவள் அங்கிருந்தே வெந்நீர் குடிக்கச் சொல்வாள். நிச்சயத்தன்று மோதிரம் மாற்றி முடிந்ததும், அதுவரை அவளை 'நீங்க' என்று அழைத்தவன் முதல்முறையாக 'நீ' என்றான். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. மறுநாள்தான் தெரு விலகியது.

ஒரு முழம் யாரையும் பெரிதாகப் பாதிக்கவில்லை. அவனுடைய அக்கா, கல்யாண வேலைகளைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள், அந்த வாரமே யார் யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சைத் தொடங்கினாள். இந்தப் பக்கத்துக்குச் சித்தப்பாமார் எத்தனை பேர், அந்தப் பக்கத்துக்கு அத்தை மக்கள் எத்தனை பேர், பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பாவைக் கூப்பிட்டால் வருவாரா, கூப்பிடாவிட்டால் வந்துவிடுவாரா என்றெல்லாம் ஜன்னலுக்கு ஜன்னல் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மறுநாள் தெருவில் குடை விரிக்க முடிந்தது. மண்டபம் பார்த்தார்கள், டிரைவிங் டீச்சரின் கார் சந்துக்குள் வந்து வீட்டு வாசலில் நின்றது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. மாடியேறி ஜன்னலைத் திறந்து அவனிடம் சொல்லப் போனபோது, குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்பதைக் கண்டாள். தூரத்தைக் கண்ணாலேயே அளக்கிற தொழில் அவளுடையது. பின்பக்கமாக வண்டியை எடுக்கும்போது எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டால் பார்க்காமலே சொல்வாள். அன்றைக்கு அவள் எதிர்ஜன்னலைப் பார்த்து அளந்தாள். அந்த அளவை யாரிடமும் சொல்லவில்லை.

மாநகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து நாடா பிடித்து அளந்துவிட்டு, வீடுகள் எதுவும் நகரவில்லை, சுவரில் கீறல்கூட இல்லை, தெரு மட்டும்தான் கூடியிருக்கிறது, அதனால் புகாருக்கு இடமில்லை என்றார். தெருக்காரர்களும் புகார் சொல்லவில்லை. காற்று நன்றாக வந்தது. கல்யாணத் துணி எடுத்த வாரம் நடுவில் மரம் நட்டார்கள். தையல்காரர் பெண் வீட்டுப் பக்கம் இருந்தார். மாப்பிள்ளை அளவு கொடுக்க நடந்தே வந்தான், போட்டுப் பார்க்க மறுபடி நடந்து வந்தான். இரண்டாம் முறை சட்டை தொளதொளவென்று தொங்கியது. நடந்து நடந்து இளைத்திருந்தான். தையல்காரர் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அதை வாங்க வந்தபோது இன்னும் தொங்கியது. போட்டோக்காரரிடம் பேசி முடித்ததும் தெருவுக்கு நடுவில் பழைய குடைகளைச் சரிசெய்கிற ஒருவர் கடை போட்டார். அவருக்குப் பக்கத்தில் செய்தித்தாள் விற்கிறவர். பிறகு பஸ் விட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேராத அந்த நடுப்பகுதியில் குடும்பங்கள் குடியேறின; அங்கே குழந்தைகள் பிறந்தன; அந்தக் குழந்தைகளுக்குத் தெரு என்றால் இப்படித்தான் இருக்கும்.

இதற்குள் அவனை அவள் ஜன்னலிலிருந்து ஆள் அடையாளம் காண முடியாமல் போயிருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு வெளிர்மஞ்சள் புள்ளி தெரிந்தால் அது அவனுடைய ஜன்னல் திரை. திரை விலகியிருந்தால் அவன் வேலை செய்கிறான். எதிர்வீட்டுக்குப் போனில் பேசினார்கள். "சாப்பிட்டியா?" என்று அவன் கேட்பான். முன்பெல்லாம் அதைக் கேட்கத் தேவையே இருந்ததில்லை, பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்காக எதை முடிவு செய்தாலும் தெரு விலகுகிறது என்பதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் அவனுடைய அக்காதான். தேதி இன்னும் குறிக்கவில்லை. அதைக் குறித்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, கொஞ்ச நாள் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்றாள். பேசாமல் இருந்தார்கள். தெரு நின்றது. ஆனால் திரும்பவும் நெருங்கி வரவில்லை. ஒரு மழைக்காலம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. லிஃப்ட்காரர் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, ஒரு விரலாவது குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் காரை எடுத்துக்கொண்டு நடுத்தெருவரைக்கும் போனாள். அவன் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தான். குடைக்காரர் கடைக்கு எதிரே மரநிழலில் காரை நிறுத்தியிருந்தாள். நிறுத்தியதும் அவள் தன் வழக்கமான இடத்துக்கு, சொல்லிக்கொடுக்கிறவர் இருக்கைக்கு, மாறிக்கொண்டாள். அவன் படிக்கிறவர் இருக்கையில் உட்கார்ந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய செருப்பின் குதிகால் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லிடு" என்றான்.

"எது வேண்டாம்?"

"கல்யாணம்தான். உங்க அப்பா முகத்தைப் பாக்க முடியல."

"வேண்டாம்னு சொன்னா கிட்ட வந்துடுவீங்களா?"

"தெரியல. வந்தாலும் வரலாம். பழையபடி ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டு இருக்கலாம்ல."

அவள் காலடியில் சொல்லிக்கொடுக்கிறவருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருந்தது. வண்டி ஓடாமல் நின்றுகொண்டிருக்கும்போதே அதை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. காலை எடுத்தாள்.

"பாத்துக்கிட்டே இருந்தது போதும் எனக்கு" என்றாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. காபியை ஆற்றாமலே குடித்துவிட்டு, "என்ன சொல்றாரு மாப்பிள்ளை?" என்றார்.

"உங்க முகத்தைப் பாக்க முடியலையாம்."

"என் முகத்துக்கு என்னம்மா" என்றார் அவர். "நான்தான் உன்னைப் பிடிச்சு வச்சுக்கிட்டு இருக்கேனோன்னு சில சமயம் தோணுது. பிடிச்சு வச்சா கிட்டத்தான வரணும். இது எட்டிப் போகுது. ஒண்ணும் புரியல."

அவளும் அதைத்தான் யோசித்திருந்தாள், ஆனால் தன்னைப் பற்றி. தம்ளரைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் காலையில் லிஃப்ட்காரர் சவரம் செய்துகொண்டு, ஓய்வு பெற்றபிறகு போடாத ஷூவை எடுத்துப் பாலிஷ் போட்டு மாட்டிக்கொண்டு, மகளிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். பஸ்ஸில் ஏறவில்லை. சம்பந்தி வீட்டுக்கு முக்கியமான விஷயம் பேச நடந்துதான் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நடுத்தெருவில் குடைக்காரர் அவரை நிறுத்தி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். குடைக்காரருக்கும் ஒரு கவலை இருந்தது. "கல்யாணம் ஆயிட்டா தெரு பழையபடி மூடிக்கும்னு சொல்றாங்களே ஐயா, நாங்கல்லாம் எங்க போறது?" என்று கேட்டார். "மூடாது" என்றார் லிஃப்ட்காரர். எப்படித் தெரியும் என்று குடைக்காரர் கேட்கவில்லை. அவர் சொன்ன விதம் அப்படி இருந்தது. வெயில் ஏறியபோது அவர் எதிர்வீட்டு மாடிப்படி ஏறினார். பல்செட்காரன் பதறி எழுந்து, மடியிலிருந்த மேல்வரிசைப் பற்கள் உருண்டோட, "வாங்க மாமா" என்றான். அக்கா மோர் கொடுத்தாள்.

"தேதி குறிச்சுடலாம்" என்றார் லிஃப்ட்காரர்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "குறிச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்ல மாமா?"

"அதுக்குத்தான் நானே வந்தேன்."

வர்ற மாசம் முதல் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. அவர் மோரைக் குடித்து முடித்து, படியிறங்கித் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அது நடந்தது. அதுவரை எப்போதும் ஆட்கள் தூங்கும்போது விலகிய தெரு, அன்று அவர் நடந்துகொண்டிருக்கும்போதே விலகியது. சத்தமில்லை, அதிர்வில்லை. காலடியில் தார் ரோடு புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது. அவர் ஒரு அடி வைத்தால் வீடு இரண்டு அடி பின்னால் போயிற்று. மரங்களுக்கு நடுவில் இன்னும் மரங்கள் முளைத்திருந்தன. அவர் நிற்கவில்லை; நின்றால் இன்னும் தூரமாகிவிடும் என்று நினைத்தார். ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்தார், எதிர்வீடு தெரியவில்லை. முன்னால் பார்த்தார், தன் வீடும் தெரியவில்லை. ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மகள் வாசலில் நின்றிருந்தாள். கடைக்குப் போனவர் கையில் பை இல்லை, ஷூ இருந்தது.

"வெள்ளிக்கிழமை" என்றார். "பேசி முடிச்சுட்டேன்."

அவள் அவரை உட்காரவைத்துக் கால் கழுவிவிட்டாள். துடைத்துவிடும்போது, "நீங்களும் அங்கயே வந்துடுங்களேன்பா" என்றாள். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "உங்கம்மா இருந்த வீடு இது. அங்க இருந்து பாத்தா இது தெரியாதேம்மா" என்றார்.

கல்யாணம் குறித்த நாளில், குறித்த மண்டபத்தில் நடந்தது. பெண் வீட்டார் விடிவதற்கு முன் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பாவும் வந்து, பயண அலுப்பில் எல்லோரிடமும் பேசிவிட்டார். மாப்பிள்ளையின் சட்டை அளவாக இருந்தது. கடைசியாகத் தைத்தபோது தையல்காரர் முன்யோசனையோடு சிறியதாகவே தைத்திருந்தார். மாலையில் டிரைவிங் டீச்சர் எதிர்வீட்டு மாடிக்குப் போய், இத்தனை காலமும் தூரத்திலிருந்து பார்த்த வெளிர்மஞ்சள் திரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்றான். அவனுடைய தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. எதிரே ஒரு வீடும் தெரியவில்லை. இருந்தாலும் அவள் நெடுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனும் நகரவில்லை.

மறுநாள் காலை நடுத்தெருக்காரர்கள் சாமான்களைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தெரு ஒரு விரல்கூட அசையவில்லை. மத்தியானம் மூட்டைகளை அவிழ்த்துக் கடை திறந்தார்கள். அதன்பிறகு அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாநகராட்சி வரைபடத்தைத் திருத்தியது. தபாலில் இரண்டு வீட்டுக்கும் இன்னமும் ஒரே தெருப் பெயர்தான் எழுதுகிறார்கள். கடிதம் சரியாகப் போய்ச் சேர்கிறது.

வருஷங்கள் பல ஓடிவிட்டன, லிஃப்ட்காரர் இன்னமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைப் பார்க்கப் போகிறார். போன வாரம் பஸ்ஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கண்டக்டர் இருந்தார். நடுத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்.

"எங்க போகணும் பெரியவரே?"

"எதிர்வீட்டுக்கு."

"அப்ப நடுத்தெருல இறங்கி வேற பஸ் மாறணும்" என்று சொல்லி டிக்கெட் கொடுத்த கண்டக்டர், போய்ச்சேர நேரமாகும் என்பதால், ஜன்னல் ஓரமாக ஒரு இடத்தைக் காட்டினார்.