ஐந்து நாள் மட்டும்

வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவர் நல்லகாமன். டாக்டர் சீட்டுகளின் நகலைத் தேதிவாரியாகக் கோத்து வைக்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சேர்ந்ததையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் திணித்து மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடுவார்.

அன்று காலை, கடையைத் திறந்து அரை மணிகூட ஆகவில்லை. செல்லக்கிளி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அண்ணே, அவுகள மதுரையில ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். மூஞ்சி கையெல்லாம் வீங்கிப்போச்சு, ஒண்ணுக்கே போகல. என்ன மாத்திரை சாப்பிட்டாருன்னு சீட்டோட வரச் சொல்றாக."

அவள் புருசன் கருத்தக்கண்ணன் கப்பலூரில் ஒரு கம்பெனியில் லோடுமேன். மூட்டை சுமந்து இடுப்பு விட்டுப்போன ஆள். வேலைக்குப் போகும்போது கடைவாசலில் நின்று, "அண்ணே, அதே மாத்திரை" என்பான். நல்லகாமனும் எதுவும் கேட்காமல் எடுத்து நீட்டுவார்.

பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினார். எழுத்து மங்கிய தாள்கள், கரையான் அரித்த தாள்கள். செல்லக்கிளி நின்றுகொண்டே இருந்தாள். சீட்டு கிடைக்கும்போது உச்சிவெயில் ஏறியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. மாத்திரையின் பெயருக்குக் கீழே டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்: 'ஐந்து நாள் மட்டும்.'

அதற்குப் பிறகு கொடுத்த மாத்திரைகளுக்கு எந்தப் பதிவும் கிடையாது. இந்தச் சீட்டை மட்டும் கொடுத்தனுப்பினால் அவர்மேல் ஒரு விரல்கூட நீளாது. செல்லக்கிளி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

"இரு தங்கச்சி, நானும் வாரேன்" என்று நல்லகாமன் ஷட்டரை இழுத்து மூடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னார். "ரெண்டு வருசமா நான்தான் சார் குடுத்தேன். இந்த அஞ்சு நாளுக்கு மேல யாரும் எழுதித் தரல."

"வலி மாத்திரையை இவ்வளவு நாள் சாப்பிட்டா கிட்னி தாங்குமா? ரெண்டுமே போயிருச்சுங்க" என்றார் டாக்டர்.

பக்கத்தில் நின்ற செல்லக்கிளி மெதுவாகக் கேட்டாள். "அவுகளுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்லண்ணே?"



அன்றிலிருந்து பதினோராம் நாள் கருத்தக்கண்ணன் இறந்துபோனான். பிணம் எடுக்கும் நேரத்துக்குப் போன நல்லகாமன் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் பெட்டிகளைக் கடை நடுவே இழுத்துப்போட்டு, சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்க உட்கார்ந்தார். அப்போது பழக்கமான ஒருவர் மடிப்பு கிழிந்த சீட்டை நீட்டினார்.

"பழசுதாண்ணே, பரவாயில்ல. தெரிஞ்ச ஆளுதான, குடுங்க."

"தெரிஞ்ச ஆளுன்னு குடுத்துத்தான் ஒரு உசுரு போச்சு" என்றார் நல்லகாமன். அவர் கண் கலங்கியிருந்தது. "சீட்டுல எழுதுன நாள் முடிஞ்சா திரும்ப டாக்டரத்தான் பாக்கணும். அதுக்கு மேல நான் குடுத்தாலும் தப்பு, நீங்க கேட்டாலும் தப்பு. போயி பாத்துட்டு வாங்க தம்பி."