வகிடு

“உங்க குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே முடி நரைச்சிருக்கா? முப்பது வயசுக்குள்ள?” என்று டாக்டரம்மா கேட்டபோது தங்கை மடியிலிருந்த கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இடப்பக்கம் அண்ணன் உட்கார்ந்திருந்தான், வலப்பக்கம் கணவன். எலும்பு மஜ்ஜை மாற்றுவதற்கான படிவத்தில் அதுவரை கேட்ட கேள்விகள் எதுவும் அவளை இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்,” என்றான் அண்ணன். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கை கழுவுவது எப்படி என்று சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துச் சொன்னான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்து மூன்று. எட்டு மாதமாக அவன் உடம்பு புது ரத்தம் ஊறவைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டிருந்தது. லேசாக எங்காவது இடித்துக்கொண்டால் கை நீலம் பாரித்துவிடும். பத்து படி ஏறினால் உட்கார வேண்டும். இரண்டு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. மாதம் மூன்று தடவை வேறொருவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவான். “மேல போறதுல எனக்கு இருபது வருஷ அனுபவம், நீங்க ஏன் பயப்படுறீங்க?” என்று அவன் சொன்னால் அண்ணியைத் தவிர எல்லோரும் சிரிப்பார்கள். பிறகுதான் தங்கையின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. கூடப் பிறந்தவள் இருந்தும் பொருந்தாமல் போகிறவர்கள் எத்தனையோ பேர், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று நர்ஸ்கூடச் சொன்னாள்.

நரை விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. தங்கைக்குப் பத்தொன்பது வயதில் காதோரம் தொடங்கி, இருபத்திரண்டில் பாதித் தலை வெளுத்துவிட்டது. அம்மா உயிரோடு இருந்த காலம் அது. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. அண்ணன்தான் நாலு தெரு தள்ளிப் போய், முகம் தெரியாத கடையில் முதல் டை பாக்கெட்டை வாங்கி வந்தான். அதே மாதம் தன் தலையையும் மழித்துக்கொண்டான், ஏனென்றால் அதுவும் வெளுத்துக்கொண்டிருந்தது. “ரெண்டு தலை நரைச்சாத்தானே பரம்பரைம்பாங்க? ஒரு தலைய எடுத்துட்டா?” என்றான். காதும் காதும் வைத்தாற்போல் கல்யாணம் முடிந்தது. கல்யாணம் வரைக்கும்தான் என்று தொடங்கியது பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை, தான் வேலை பார்க்கும் தையற்கடைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், கறுப்பு நூல்கண்டுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கும் டையைக் கலக்கிப் பூசிக்கொள்வாள். கணவன் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவன். ஊரில் உள்ள மீட்டரையெல்லாம் குனிந்து குனிந்து பார்க்கிற மனிதனுக்கு வீட்டில் இருக்கும் தலை கண்ணில் படவில்லை.

“எதுக்குக் கேட்டேன்னா,” என்றார் டாக்டரம்மா, “உங்க அப்பா நுரையீரல் சுருங்கிப் போய் இறந்திருக்காரு. சிகரெட் பழக்கமும் இல்ல. அதான்.” பேனாவை மூடாமல் பேசினார். செல்லுக்குள் குரோமோசோம் என்று நூல் மாதிரி ஒன்று இருக்கிறது, அதன் இரண்டு நுனியிலும் ஒரு மூடி உண்டு, செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் அந்த மூடி கொஞ்சம் தேயும் என்றார். “சில குடும்பத்துல பிறக்கும்போதே அது குட்டை. முழுசாத் தேஞ்சுட்டா, நுனியப் பாத்து நூல் அறுந்துபோச்சுன்னு செல் நினைச்சுக்கும். உடனே பிரியறதை நிறுத்திடும். மஜ்ஜைக்கு நாள் முழுக்கப் பிரிஞ்சுக்கிட்டே இருக்கறதுதான் வேலை, அதனால அங்க தெரிஞ்சிடும். சிலருக்கு நுரையீரல்ல தெரியும், சிலருக்கு முடியில.”

“எனக்கும் அப்படி இருந்தா?” என்று கேட்டாள் தங்கை.

“உங்க மஜ்ஜை அவர் உடம்புல நிக்காது. மருந்து குடுத்து அவரோடத முழுசா அழிச்சிட்டுத்தான் உங்களோடத ஏத்துவோம். நிக்கலேன்னா திரும்பி வர வழி இல்ல. சந்தேகம் இருந்தா அதுக்குத் தனி டெஸ்ட் இருக்கு, வெளியூருக்கு அனுப்பினா மூணு வாரம் ஆகும். நரை எதுவும் இல்லேங்கறீங்க, அப்போ அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம்.” இல்லை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

தங்கைக்குக் கடையில் துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினில்தான் வேலை. துணியின் சொந்தக் கரை எது, கத்திரி பட்ட ஓரம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சொல்லிவிடுவாள். தன் கரையையே வெட்டு என்று எண்ணி வேலையைப் போட்டுவிடும் செல்லை நினைக்க முதலில் பாவமாக இருந்தது. அப்புறம்தான் அது அண்ணனுடைய செல் என்பது உறைத்தது.

கணவன் காகிதங்களுக்கு முத்திரை வாங்கப் போனான். நடைபாதை பெஞ்சில் இருவர் மட்டும் உட்கார்ந்தார்கள்.

“ஏண்ணே அப்படிச் சொன்ன?”

“மாப்ள பக்கத்துல இருந்தாரு.”

“அதுக்கு உயிரையா குடுப்ப?”

அண்ணன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். “முதல்ல அதுக்குத்தான் சொன்னேன். டாக்டர் விளக்கினப்புறம் மாத்திச் சொல்ல வரல. உனக்கும் அது இருக்குன்னு என்ன நிச்சயம்? டெஸ்ட் அது இதுன்னு போய், நீயும் குடுக்க முடியாதுன்னு ஆயிட்டா எனக்கு வேற யாரு இருக்கா?” சட்டைக் கையைக் கீழே இழுத்து, நீலம் பாரித்த இடத்தை மறைத்தான். “பயமா இருக்கு பாப்பா.”

அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. அப்பா போனபோதுகூடச் சொல்லவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் அடுத்த வாரம் அவன் விரும்பியது நடக்கும். தன் வீட்டிலும் எதுவும் மாறாது. இரண்டு பேருக்கும் வசதியான பொய். அந்த வசதிதான் அவளைப் பயமுறுத்தியது. கணவன் திரும்பி வருவது தெரிந்ததும் எழுந்தாள்.

“வாண்ணே, மறுபடி உள்ள போகணும்.”

“இப்பத்தானே வந்தோம்?” என்றான் கணவன்.

“நீங்களும் வாங்க.”

உள்ளே போய் உட்காரவில்லை. கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்து, டாக்டரம்மாவுக்கு முன்னால் தலையைக் குனிந்து, விரலால் வகிட்டை அகலப்படுத்திக் காட்டினாள். ஆஸ்பத்திரி அலைச்சலில் போன திங்கட்கிழமை தவறிப்போயிருந்தது. வகிட்டின் இரண்டு பக்கமும் அரை விரற்கடை உயரத்துக்கு வெள்ளை நின்றது. “பத்தொன்பது வயசுலேருந்து டாக்டர். அண்ணனுக்கும் உண்டு, அதான் மொட்டை.” கணவன் கையிலிருந்த காகிதங்களை மேசையில் தட்டி அடுக்கினான். அடுக்கி முடித்ததும் இன்னொரு தடவை அடுக்கினான்.

பஸ் பாதி வழி வந்தபோது கணவன் ஆரம்பித்தான்.

“உன் தலைல வர்ற அந்த வாசனை, மெஷின் எண்ணெய்னு சொன்னியே.”

“ம்.”

“நானும் நம்பிட்டேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “மச்சானுக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது, இல்ல?”

நரையை மறைத்ததைவிட அதுதான் அவனுக்கு வலித்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அண்ணனுக்கும் குட்டை, அவளுக்கும் குட்டை. முன்பின் தெரியாத யாராவது பொருந்துகிறார்களா என்று கொடையாளர் பட்டியலில் தேடச் சொல்லிவிட்டார்கள். தேடல் ஒரு மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம், அதுவரை ரத்தம் ஏற்றித் தாக்குப்பிடிக்க வேண்டும். “எங்கயோ ஒருத்தன் நல்ல நுனியோட சுத்திக்கிட்டு இருப்பான், அவன்கிட்ட முதல்ல அவங்க வீட்டு லிஃப்ட் ஓடுதான்னு கேளுங்க,” என்றான் அண்ணன். தலை மழிப்பதை அவன் விட்டிருந்தான். வெள்ளை முள் தலை முழுக்க எழும்பி, அவனை வேறு யாரோ மாதிரி காட்டியது. கிளம்பும்போது டாக்டரம்மா அவளைத் தனியாக நிறுத்தினார். “ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உங்க ரத்தத்தையும் பாக்கணும். பொண்ணு இருக்கால்ல? இப்பவே பயப்பட வேண்டாம். ஆனா ஒரு நாள் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தங்கை அவளை ஜன்னலோரம் முக்காலியில் உட்கார வைத்துப் பின்னலை அவிழ்த்தாள். மகளுக்கு ஒன்பது வயது. கால் தரையை எட்டாததால் ஆட்டிக்கொண்டே இருந்தாள். மகளின் முன் நெற்றியிலிருந்து சீப்பின் நுனியால் ஒரு வகிடு எடுத்துப் பார்த்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

“பேன் பாக்கறியாம்மா?”

“ஆடாம உக்காரு.”

கணவன் வேலையிலிருந்து வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சற்று நேரம் வாசலருகே நின்று பார்த்தான். இரண்டு பேரும் மூன்று வாரமாக, சாப்பாடு ஆயிற்றா, கதவு பூட்டியாயிற்றா என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அவன் வந்து ஜன்னல் திரையை ஒரு பக்கமாக இழுத்து ஒதுக்கினான். சாயங்கால வெளிச்சம் குழந்தையின் தலைமேல் விழுந்தது. அவனும் குனிந்தான், மீட்டர் பார்க்கும்போது குனிவதைப் போலவே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“எத்தனைம்மா இருக்கு?” என்றாள் மகள்.

“இரு, இன்னும் பாதித் தலை இருக்கு,” என்று சொல்லி அவள் அடுத்த வகிட்டை எடுத்தாள்.