சேலையூர் சலூனில் ஒரு விசாரணை

எலியேசர் வாத்தியாருக்குச் சந்தேகம் வந்தால் பல்லிடுக்கில் மாட்டிய மாம்பழ நார் மாதிரி. எடுக்கும்வரை நிம்மதி கிடையாது. பொன்னுரங்கத்தின் சலூனுக்குள் அந்தப் புது ஆள் நுழைந்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. ஒட்ட வெட்டிய தலை. அதில் இன்னும் வெட்ட என்ன இருக்கிறது? பிரவுன் ஷூ, விறைத்த முதுகு. பேப்பரை விரித்தவர் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்த எலியேசர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார். போலீஸ்தான், மஃப்டியில் வந்திருக்கிறான் என்று முடிவுகட்டினார்.

பயப்படக் காரணம் இருந்தது. போன வாரம் பம்மலில் அவர் மகன் ஸ்டெபின் பைக்கில் போய் ஒரு ஷேர் ஆட்டோவை இடித்துவிட்டு, நிற்காமல் வந்துவிட்டான். யாருக்கும் அடியில்லை என்று சத்தியம் செய்தான். முப்பத்துநாலு வயதில் இப்போதுதான் அவனுக்கு ஒரு சம்பந்தம் கூடி வருகிறது. மேடவாக்கத்துப் பெண், ஜெரூஷா. பெண்ணின் அப்பா வெளியூரிலிருந்து வந்ததும் பதில் சொல்கிறோம் என்றிருந்தார்கள். இந்த நேரத்தில் கேஸ் கீஸ் என்று ஆனால் எல்லாம் போச்சு.

"இங்க ஸ்டெபின்னு ஒரு பையன், காட்டாங்குளத்தூர்ல காலேஜ் ஆபீஸ்ல வேலை. தெரியுமா?" என்றார் அந்த ஆள்.

பொன்னுரங்கம் ஆசையாக வாயைத் திறந்தார். எலியேசர் கண்ணாடியில் கண்ணை உருட்டினார்.

"எவ்ளோ பேர் வர்றாங்க சார். எனக்கு இன்னா தெரியும்?" என்று பொன்னுரங்கம் கத்தியைத் துடைத்தார்.

அந்த ஆள் எலியேசரிடம் திரும்பினார். "நீங்க இந்த ஏரியாதானே சார்?"

"ஸ்டெபினா? அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே. யார்கிட்டயும் சொல்லிக்கல."

"ஏன், பையனால ஏதாவது பிரச்சினையா?"

பொறி வைக்கிறான். "அதெல்லாம் நமக்கெதுக்கு சார்" என்றார் எலியேசர். இத்தனை சரளமாகப் பொய் வருகிறதே என்று உள்ளூர மகிழ்ச்சி வேறு.

அந்த ஆள் பேப்பரை மடித்து வைத்தார். "ரொம்ப நன்றி சார். மிலிட்டரியிலேர்ந்து பத்து நாள் லீவு. பொண்ணுக்குப் பார்த்த பையன். முந்தாநாள்கூட பையன் வீட்டுல போன்ல பேசினாங்க, காலி பண்ணதைச் சொல்லவே இல்ல. உங்களை மாதிரி பெரியவர் சொல்லித்தான் தெரியுது." கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

எலியேசருக்கு அப்போதுதான் உறைத்தது. பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்து காது கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மகள் கெசியாவுக்காக அவரே குரோம்பேட்டையில் தேவையில்லாமல் ஒரு ஷேவிங் செய்துகொண்டவர்தான். புத்தி கெட்டவன், புத்தி கெட்டவன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"எந்திரிங்க சார். ஓடிப் போய், நான்தான் அப்பான்னு சொல்லுங்க" என்றார் பொன்னுரங்கம்.

கழுத்துத் துணியோடு வாசல்வரை போன எலியேசர் நின்றுவிட்டார். "பொய் சொன்னது மாப்பிள்ளையோட அப்பன்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாரா?"

"சொல்லாங்காட்டி குடுப்பாரா?"

எலியேசர் படியில் கால் வைப்பதற்குள் அந்த ஆளின் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.