பம்பில் கட்டிய பாறை மீன்

போர்க்காலக் கொழும்பில், பேலியகொடையிலிருந்து வெள்ளவத்தைக்கு மீன் ஏற்றும் றேமண்டின் பிக்கப், சோதனைச் சாவடியில் எஞ்சினை நிறுத்தினால் சூட்டில் மறுபடி எழும்பாது. சிப்பாய்கள்தான் தினமும் தள்ளிவிடுவார்கள்.

ஒருநாள் கோப்ரல் எரிச்சலில் பொனற்றைத் திறந்து பெற்றோல் பம்பைத் தொட்டுவிட்டு, “அம்மே!” என்று கையை உதறினார்.

“பெற்றோல் உள்ளுக்கையே கொதிச்சு ஆவியாப் போகுது, சேர்!” என்ற றேமண்ட், ஐஸில் கிடந்த பாறை மீனொன்றைப் பம்பில் வைத்துக் கட்டினான். சற்று நேரத்தில் எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது. சிப்பாய்கள் கைதட்டினார்கள்.

அடுத்த சாவடியில் பொனற்றைத் திறந்த சிப்பாய், உள்ளே ஏதோ கட்டியிருப்பதைக் கண்டு துவக்கை நீட்டினான்.

“மே மொக்கத?” இது என்னவென்று சிங்களத்தில் அதட்டினான்.

“மருந்து, மாத்தயா,” என்றான் றேமண்ட்.

அதிகாரி வந்து மீனை மோந்து பார்த்தார். மீனை விசாரணைக்கு மறித்துவைத்துக்கொண்டு றேமண்டைப் போகவிட்டார். பம்ப் இன்னும் குளிர்ந்திருந்ததால் வண்டி கிளம்பியது. பாமன்கடைச் சந்தி தாண்டியதும் றேமண்ட் வண்டியை ஓரங்கட்டி இன்னொரு மீனை எடுத்துக் கட்டினான்.