உள்ளங்கைப் பாசி

அனந்தபுரத்து ஒப்பந்ததாரர் ராஜசேகரின் வலது உள்ளங்கையில் பாறைப்பாசி வளர்கிறது. அதிலிருந்து ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர் வருகிறது.

முன்பு அந்தப் பாசி ஊருக்கு மேற்கே உள்ள குன்றில், ஒரு பாய் அகலத்துக்கு இருந்தது. அதே பாறையில் விரல் உயர ஊதாப் பூச்செடிகள் நாற்பது. அரிய செடிகளைக் கணக்கெடுக்க வந்த குழு, இரண்டுமே வேறெங்கும் இல்லை, இரண்டும் ஒரே அளவு ஆபத்தில் இருக்கின்றன என்று எழுதியது. பூவுக்குக் கம்பிவேலி கிடைத்தது, விழுப்புரம் பேருந்து நிலையச் சுவரில் ஆளுயரப் படம் கிடைத்தது. பாசிக்கு அறிக்கையில் ஒரு வரி. பூவின் வேர் பாசிக்குள்தான் இருக்கிறது என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. பக்கத்தை யாரும் புரட்டவில்லை.

வேலித் திறப்பு விழாவுக்குப் பெரியவர்கள் வருவதால் பாறையைச் சுத்தம் செய்யும் வேலை ராஜசேகருக்கு வந்தது. அடிவாரக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த தனம் ஓடி வந்தாள்.

"பாசிதான் சார் தண்ணிய கசிய உட்டுக்கினு இருக்குது. அத்த சுரண்டினா என் கொல்லி காஞ்சிடும்."

"பூவ பாக்கத்தாம்மா வர்றாங்க. பாசிய பாக்க எவன் வருவான்? எவனாவது வழுக்கி உழுந்தா எனக்குத்தான் பேஜாரு."

"உழுறவன் செருப்ப கழட்டிட்டு ஏறட்டுமே."

ராஜசேகர் தானே கம்பி பிரஷை எடுத்து, பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக் காட்டினார். விழா முடிந்தபோது பாறை வெள்ளையாக இருந்தது. அதன்மேல் டீக்கோப்பைகளும் கடித்துப் போட்ட பிரியாணி எலும்புகளும் கிடந்தன. எட்டு நாளில் பூச்செடிகள் கருகின. வேலிக்குள் அதே நிறத்தில் பிளாஸ்டிக் பூக்களை நட்டார்கள். பார்க்க வந்தவர்கள் அவற்றோடு படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகத் திரும்பினார்கள். தனத்தின் மல்லாட்டை காய்ந்தது.

அந்த வாரமே ராஜசேகரின் கை பச்சையானது. பிளீச்சிங் போட்டார், பிளேடால் வழித்தார், புதுச்சேரி வரை போய் மருத்துவரைப் பார்த்தார். வழித்த பாசி விடிவதற்குள் திரும்ப வளர்ந்து, பாயை நனைத்தது. விஷயம் கேள்விப்பட்ட தனம் மண்வெட்டியோடு அவர் வாசலுக்கு வந்தாள்.

"வீட்ல ஒயுவறது கொல்லியில ஒயுவட்டும், வாங்க சார்."

அன்றிலிருந்து காலை முதல் உச்சிப்பொழுதுவரை அவர் வாய்க்கால் தலைப்பில் கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அடுத்த போகத்தில் அவள் பதினோரு மூட்டை எடுத்தாள்.

இந்தப் பங்குனியில் அவர் கட்டைவிரல் அடியில் ஓர் ஊதாப் பூ பூத்தது. குழு மறுபடி வந்தது. பூ தெளிவாகத் தெரிய, சுற்றியிருக்கும் பாசியைக் கொஞ்சம் வழிக்கச் சொன்னார் படமெடுப்பவர்.

"வழிச்சா தண்ணி நின்னுடும் சார். மல்லாட்ட விழுது மண்ணுல இறங்கி காய் புடிக்கற நேரம்," என்றார் ராஜசேகர், கையைத் திருப்பாமல்.

தனம் அடுத்த பாத்திக்கு மடையைத் திறந்தாள்.